ஞாயிற்றுக்கிழமைப் படம்

ஜூலை 3, 2020, வெள்ளி

கடைசியில் வந்துவிட்டது. நிர்வாகி தண்டபாணி காரின் பின் சீட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, கல்யாணச் சீர் கொண்டுவந்தவர் மாதிரி என் மேசைமேல் வைத்தார். உள்ளே கவச உடை நாலு, என்-95 முகக்கவசம் ஆறு. முப்பத்தோரு முதியவர்களும் பதினோரு பணியாளர்களும் இருக்கும் இல்லத்துக்கு இவ்வளவுதான். திருப்பூரில் இதே உடையை லாரி லாரியாகத் தைத்து அனுப்புகிறார்கள். கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் என்ன காசியா, ராமேஸ்வரமா?

"ஆஸ்பத்திரிக்கே பத்தலீங்கம்மா, நமக்கு யாரு குடுக்கறாங்க? இதுவே ஒரு சிநேகிதர் தயவுல வந்துது" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இல்லத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில். வாட்ஸாப் குழுவில் தினமும் கவலை. இந்த உடையைப் போட்டு ஞாயிறுதோறும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

நியாயமாகத்தான் பட்டது. இருபத்தாறு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். பெற்றோர் வரும் நாளில் மட்டும் வராண்டாவில் பூந்தொட்டி வைப்போம். இங்கே எனக்கு மேனேஜர் என்று பெயர். ஆனால் கூப்பிடுவது எல்லாரும் வார்டனம்மா என்றுதான்.

ஜூலை 5, ஞாயிறு

ஊரடங்கு. காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் கபசுரக் குடிநீர். பன்னிரண்டாம் அறைக்காரர் வழக்கம்போல் வாஷ்பேசினில் ஊற்றினார். பார்க்காதது போல் வந்துவிட்டேன்.

பத்து மணிக்குப் படம். நர்ஸ் ஜெசிந்தா, ஆயா மயிலாத்தா, சமையல்காரர், வாட்ச்மேன், நாலு பேருக்கும் உடையை மாட்டினேன். மார்பில் மார்க்கர் பேனாவால் "நர்ஸ்" என்று நாலு பேருக்கும் எழுதிவிட்டேன். வாட்ச்மேனின் மீசையைத் துணி முகக்கவசம் மறைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று; என்-95 உறையைப் பிரிக்கவில்லை.

மயிலாத்தா சிரித்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங் வார்டனம்மா, இதப் போட்டுக்கிட்டு ஒண்ணுக்கு எப்படிங் போறது?" என்றாள். நாற்பது வயது தாண்டியும் சின்னப் பெண் மாதிரி சிரிப்பு. போட்டோ எடுக்கும்போது சிரித்தால் என்ன, சிரிக்காவிட்டால் என்ன, வெளியே தெரியப்போகிறதா என்று விட்டுவிட்டேன்.

படம் முடிந்ததும் உடைகளை மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஜெசிந்தா மூக்கைச் சுளித்தாள். "ஒரு தடவ போட்டுக் கழட்டினா குப்பைக்குப் போணும்மா. அப்பிடித்தான் சொல்லியிருக்கு."

"அஞ்சு நிமிஷம் போட்டதுல என்ன அழுக்காச்சு? அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு எங்க போறது?" என்றேன்.

குழுவில் நாற்பத்து மூன்று கைகூப்புகள் வந்தன.

ஜூலை 11, சனி

நாளைய படத்துக்காக உடைகளை டெட்டால் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். ஒன்று கசங்கி, சுருட்டி எறிந்த காகிதம் மாதிரி இருந்தது. அதை இஸ்திரி போடும்போது சின்ன அசம்பாவிதம். முதுகுப் பக்கம்தான். அகலப் பிளாஸ்திரி வைத்து ஒட்டியாயிற்று. இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டு புகைந்தது, நாற்றம். ஆறட்டும் என்று அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். என் வயதில் துணிக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாதா? இது துணியே இல்லை, அதுதான் விஷயம்.

ஜூலை 12, ஞாயிறு

படம் நன்றாக வந்தது. முன்பக்கம் மட்டும் எடுக்கச் சொன்னேன்.

ஜூலை 14, செவ்வாய்

இஸ்திரிப் பெட்டியைச் சுரண்டி வைக்கலாம் என்று எடுத்தால் அடித்தட்டு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. யாரோ தேய்த்து வைத்திருக்கிறார்கள். யார் என்று விசாரிக்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

மூன்றாவது படம். வாட்ச்மேன் குனிந்து செருப்பை எடுக்கப்போய் உடை தொடையில் டர்ரென்று கிழிந்தது. சமையல்காரருடையதில் ஜிப் பல் போய்விட்டது. இனிமேல் இரண்டு பேரை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏழாம் அறை லோகாம்பாள் அம்மாவின் மகன் பாஸ்கர் அமெரிக்காவிலிருந்து குழுவில் ஏதோ கேட்டிருந்தார். நல்லபடியாகப் பதில் போட்டேன்.

தண்ணீர் மோட்டார் மறுபடி தகராறு. ஒன்பதாம் அறைக்குக் கொசுவலை மாற்ற வேண்டும்.

ஜூலை 28, செவ்வாய்

லோகாம்பாள் அம்மாவுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.

ஜூலை 29, புதன்

மாநகராட்சி ஆட்கள் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போனார்கள். சாயந்திரம் போன். பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில் இடமில்லை, ஆக்ஸிஜன் தொண்ணூற்றைந்து இருப்பதால் தனியறையிலேயே வைத்துப் பாருங்கள் என்றார்கள். எழுபத்தொன்பது வயது. நினைவு பாதி தப்பிப்போனவர். தானாகத் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்கமாட்டார். "வைத்துப் பாருங்கள்" என்று சொல்வது சுலபம்.

ஆக, யாராவது உள்ளே போக வேண்டும். மற்ற முப்பது பேருக்கு ஊசி மருந்து பார்க்க ஜெசிந்தா ஒருத்திதான். ஊட்ட, துடைக்க, மாற்ற ஆள் வேண்டும். நான் யாரையும் கேட்பதற்குள் மயிலாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நாம் போறனுங். அந்தம்மாவுக்கு வேற ஆரு ஊட்டுனாலும் வாயி தொறக்காதுங்."

பெட்டியைத் திறந்தேன். நன்றாக இருந்தது இரண்டு. ஒன்று முழுசு. இன்னொன்று முதுகில் பிளாஸ்திரி போட்டது. முழுசானதை ஜெசிந்தாவுக்குக் கொடுத்தேன். அவள் நர்ஸ். அவளுக்கு ஏதாவது ஆனால் இல்லமே முடங்கிவிடும். மயிலாத்தாவுக்கு மற்றது. முகக்கவசம் ஆளுக்கு ஒன்று. மீதி நாலு பெட்டியில் இருக்கட்டும், யாருக்கு எப்போது தேவைப்படுமோ.

உடையை நானே பிடித்து மாட்டிவிட்டேன். முதுகுப் பக்கம் நின்றபடியே முன்பக்க ஜிப்பைக்கூட நானே எட்டி இழுத்துவிட்டேன். மயிலாத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 1, சனி

லோகாம்பாள் அம்மா வெள்ளை உடையைக் கண்டு அலறுகிறாராம். பேய் வந்திருக்கிறது என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாலும் மயிலாத்தாவின் குரல் கேட்கிறது. "நாந்தானுங் அம்மா, மயிலு. ஒரு வாயி. ஒரே ஒரு வாயி."

நாலு இட்லியில் ஒன்று உள்ளே போயிற்று.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

படம் வேண்டாம் என்று நினைத்தேன். தண்டபாணி போன் பண்ணிவிட்டார். "இன்னிக்குத்தானுங்க முக்கியமா வேணும். பாசிட்டிவ்னு தெரிஞ்சு குரூப்பே கொதிச்சுக் கெடக்குது." மயிலாத்தாவையும் ஜெசிந்தாவையும் வராண்டாவில் நிறுத்தி எடுத்தேன். அனுப்பினேன். கொதிப்பு அடங்கிற்று.

பாஸ்கர், "உங்கள் குழுவை முழுக் கவசத்தில் பார்த்த பிறகுதான் நேற்றிரவு தூங்கினேன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில், பித்தம்.

ஆகஸ்ட் 8, சனி

லோகாம்பாள் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இன்றைக்கு ஒன்றரை தோசை. "பாப்பா வரலையா?" என்று கேட்டாராம். பாப்பா என்பது மயிலாத்தாதான். கேட்டது அவளிடமே.

மயிலாத்தா காபி நன்றாக இல்லை என்றாள். வாசனையே இல்லையாம். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் காபித்தூளைக் குறை சொன்னேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

அதிகாலை மயிலாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. ஆக்ஸிமீட்டரில் எண்பத்தெட்டு. 108 வந்தது. அந்த உடையோடேயே ஏறச் சொன்னார்கள். ஏறும்போது என்னிடம் சொன்னது: "லோகாம்பா அம்மாவுக்கு ரசஞ் சாதத்துல உப்பு ஒரு சிட்டிகை கொறைச்சுப் போடோணுமுங். இல்லாட்டித் துப்பீரும்."

வண்டியின் பின்கதவு மூடும்வரை அவள் முதுகு தெரிந்தது. பிளாஸ்திரி எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உள்ளே அவளுடைய ஊதா ரவிக்கை தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாளும் நான் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

டாக்டரிடம் போனில் கேட்டேன். கவச உடையில் முதுகுப் பக்கம் லேசாகக் கிழிந்திருந்தால் அது வழியாக வருமா? "முதுகு வழியா வர்ற வியாதி இல்லம்மா இது. மூக்கு, வாய், கண். மாஸ்க் எத்தனை நாள் போட்டாங்க?" என்றார்.

பன்னிரண்டு நாள் என்றேன். ஒரே மாஸ்க்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போனை வைத்தபோது முதலில் வந்தது நிம்மதி. ஓட்டை காரணமில்லை என்ற நிம்மதி. அலமாரியைத் திறந்தேன். நாலு முகக்கவசமும் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தன. கதவை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

ஜெசிந்தா ஒன்று சொன்னாள். லோகாம்பாள் அம்மா சாப்பிட அடம்பிடித்தபோது மயிலாத்தா முகக்கவசத்தை ஒரு நிமிஷம் கீழே இறக்கி முகத்தைக் காட்டுவாளாம். அடையாளம் தெரிந்தபிறகுதான் கிழவி வாயைத் திறப்பாராம்.

அப்படியானால் அவள் மேலும் தப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஜெசிந்தா தட்டோடு எழுந்து போய்விட்டாள். சொன்ன வாயை என்ன செய்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மயிலாத்தாவின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி போன் செய்தார். தறி ஓட்டுகிறவர். பின்னால் தறிச் சத்தம். அவளுக்கு ஆக்ஸிஜன் குழாய் வைத்திருக்கிறார்களாம், உள்ளே யாரையும் விடவில்லையாம். என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"ஆளில்லாம உங்களுக்கு நெம்பச் செரமமா இருக்குமுங்களே. அவ வந்துருவாளுங். வேற ஆள மட்டும் போட்டுறாதீங்" என்றார்.

போடமாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

படம் எடுக்கவில்லை. யாரை வைத்து எடுப்பது?

இந்த நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஜூலை 19 அன்று பாஸ்கர் "ஏதோ" கேட்டதாக எழுதியிருக்கிறேன். இன்று குழுவில் தேடி எடுத்தேன். அவர் கேட்டது இது: "மேடம், கவச உடை, மாஸ்க் எல்லாம் போதுமான அளவு இருக்கிறதா? திருப்பூரில் என் நண்பன் கம்பெனி இருக்கிறது. ஐம்பது செட் நாளைக்கே அனுப்பச் சொல்லட்டுமா?"

நான் எழுதிய பதில் இது: "மிக்க நன்றி. எங்களிடம் தேவைக்கு அதிகமாகவே உள்ளது. கவலை வேண்டாம்." கீழே கைகூப்பு இரண்டு, ரோஜாப்பூ ஒன்று.

தண்டபாணி அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. நானேதான் எழுதினேன். அன்று காலைதான் நாலு பேரையும் கவசத்தில் நிறுத்திப் படம் போட்டிருந்தேன். அதற்குக் கீழேயே "இல்லை, அனுப்புங்கள்" என்று எப்படி எழுதுவது? படம் பொய்யாகிவிடுமே. விடுதியில் இருந்த காலத்திலும் எந்தப் பெற்றோர் முன்னாலும் இல்லை என்று சொன்னதில்லை நான். சோற்றில் புழு என்று பெண்கள் புகார் எழுதியபோதுகூட அது சீரகம் என்றுதான் சாதித்தேன்.

ஐம்பது செட். நாளைக்கே.

ஆகஸ்ட் 22, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. மயிலாத்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஆறுச்சாமி சொன்னார். பிழைத்துவிட்டாள். பத்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார். பிள்ளையார் முன்னால் நின்று அழுதேன். லோகாம்பாள் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, கொழுக்கட்டை கேட்டார்.

செப்டம்பர் 3, வியாழன்

மயிலாத்தா வந்துவிட்டாள். பாதி ஆளாக இளைத்திருக்கிறாள். வாசலிலிருந்து என் அறைவரை வர நடுவில் ஒருமுறை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் துணிக்கடைப் பை. அதிலிருந்து அந்தக் கவச உடையை எடுத்தாள். துவைத்து, காயவைத்து, நான் மடிக்கும் அதே மடிப்பில் மடித்திருந்தாள்.

"ஆஸ்பத்திரில தூக்கிப் போடச் சொன்னாங். நாம் பத்தரமா வெச்சுக்கிட்டனுங். உங்ககிட்ட இருக்கறதே நாலுதானுங்களே."

விரித்துக் காட்டினாள். முதுகில் கறுப்பாக ஒரு சதுரம். பழைய குடைத்துணியை வெட்டி, ஓட்டையின் மேல் வைத்து, சுற்றிலும் பொடித் தையல்.

"கொடைத் துணிங், தண்ணி எறங்காது. முதுகுல ஓட்டை போட்டது நாந்தானுங், எங்க மாட்டி இழுத்தனோ தெரியல. கோவிச்சுக்காதீங் வார்டனம்மா. வர்ற ஞாயித்துக்கெழமைக்கு ஆகுமுங். முன்னால நின்னா தெரியாது."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். "பரவாயில்ல மயிலாத்தா" என்றேன்.

மன்னித்துவிட்டேன் அவளை.

செப்டம்பர் 5, சனி

இரண்டு நாளாக யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஸ்டோர் அறையில் அரிசி மூட்டையை எண்ணுகிறேன், மறுபடி எண்ணுகிறேன். மயிலாத்தா உட்கார்ந்தபடியே கீரை ஆய்கிறாள். என்னைக் காணும்போதெல்லாம் எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அந்த உடையை நான் போட்டுக்கொண்டேன். போட்டு இரண்டு நிமிஷத்தில் முதுகில் வேர்வை ஓடியது. இதற்குள் பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறாள். ஜெசிந்தாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.

"பின்பக்கமாவா?" என்றாள்.

"பின்பக்கம்தான். அந்தக் கறுப்புத் துணி நல்லாத் தெரியட்டும்."

படத்தோடு எழுதியும் அனுப்பினேன். எங்களிடம் இருந்தது நாலே உடை, அவற்றைப் படத்துக்கென்று போட்டுப் போட்டுக் கெடுத்தோம், இதை இஸ்திரி போட்டு ஓட்டையாக்கியது நான், அதை மயிலாத்தா என்ற ஆயாவுக்கு மாட்டி உள்ளே அனுப்பியதும் நான், முகக்கவசம் நாலைப் பூட்டி வைத்துக்கொண்டு அவளுக்கு ஒன்றே ஒன்று கொடுத்ததும் நான், கேட்டவருக்குப் போதும் என்று பொய் சொன்னதும் நான். அனுப்பும் பொத்தானைத் தொட எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

தண்டபாணி இரண்டே நிமிஷத்தில் கூப்பிட்டார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? மானம் போச்சு!" என்று கத்தினார். ஆமாம் என்றேன். நாளைக்கு வந்து பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். வேலை போகலாம். போகட்டும்.

குழுவில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கைகூப்பு இல்லை, ரோஜாப்பூ இல்லை. ஒரு மணி நேரம் கழித்து பாஸ்கர் மட்டும் ஒரு வரி எழுதினார். "எத்தனை வேண்டும், சொல்லுங்கள்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"குரூப்புக்கு அனுப்பிட்டீங்க. அவகிட்ட சொன்னீங்களாம்மா?" என்று ஜெசிந்தா கேட்டாள். குழுவில் மயிலாத்தா இல்லை. அவளிடம் அந்த மாதிரி போனே கிடையாது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருந்துவிட முடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சாயந்திரம் ஏழாம் அறைக்குப் போனேன். மயிலாத்தா லோகாம்பாள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம். எழுந்திருக்காதே என்று தோளைப் பிடித்து உட்காரவைத்து, நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மயிலாத்தா, அந்த ஓட்டை நீ போட்டதில்ல. நான் இஸ்திரி போட்டப்போ உருகிப்போச்சு."

சீப்பு நிற்கவில்லை. "தெரியுமுங்" என்றாள்.

"தெரியுமா?"

"இஸ்திரிப் பொட்டிய உப்பு போட்டுத் தேச்சு வெச்சது நாந்தானுங். வெள்ளையா, தோலாட்டம் ஒட்டிக் கெடந்துச்சு. மறுநா முதுகுல பிளாஸ்திரி பாத்தேன்."

"பின்ன ஏன் நீ கிழிச்சதாச் சொன்னே?"

"ஆராச்சும் ஒருத்தரு கிழிச்சிருக்கோணுமில்லீங். நீங்கன்னு நாஞ் சொல்ல முடியுங்களா?"

லோகாம்பாள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்கவேண்டாம் என்று தெரிந்தே அடுத்ததையும் கேட்டேன்.

"ஓட்டைன்னு தெரிஞ்சும் ஏன் அதைப் போட்டுக்கிட்டு உள்ள போனே?"

மயிலாத்தா பின்னல் முனையில் ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. நான் இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கிறேனே என்ற ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்க குடுத்தீங்களேங் வார்டனம்மா."

கஞ்சி ஆறுகிறது என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.